மூன்று மணி நேரம் என்று எழுதினேன்

போன வாரம் எங்கள் பழைய கம்பெனியின் புது லைன் இன்சார்ஜ் பாகூருக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். நல்ல பிள்ளைதான். மோர் குடித்தார், மருமகள் வைத்த முறுக்கைத் தின்றார், அப்புறம் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ அஞ்சு பாயிண்ட்ல எழுதிக் குடுங்க. ஒரு பாயிண்டுக்கு ஒரு வரி. லேமினேட் பண்ணி ஓவன் பக்கத்துல மாட்டிடறோம்."

முப்பத்தோரு வருஷத்துக்கு அஞ்சு வரி. பொறுத்துக்கொண்டேன். "இப்பல்லாம் ஓவன்ல இன்னா பிரச்சனை?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் கம்ப்யூட்டர். பசங்க தகட்ட உள்ள வெக்கும்போதே 'முடிஞ்சுது'ன்னு டிக் போட்டுடறாங்க, அது ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

அது ஒண்ணுதானாம்! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவர் பயந்துபோய் மிச்ச முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அஞ்சு வரி எனக்கு வராது. முழுசாகவே எழுதுகிறேன், லேமினேட் செய்வது அவர் பாடு.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். வில்லியனூரைத் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் முதல் வருஷம் கண்ணாடிக் குடுவை துடைத்தேன், இரண்டாம் வருஷம் பம்புக்கு எண்ணெய் மாற்றினேன், மூன்றாம் வருஷம் மெஷினைத் தொட விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான். மற்றதை மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் ஒரு டிக்‌ஷனரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டித் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் செய்த வேலை இது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு. காற்றை உறிஞ்சிவிட்ட குடுவைக்குள் அதை வைத்து, முதலில் நிக்ரோமை ஆவியாக்கி அதன்மேல் படிய வைப்போம். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம் அது. தங்கத்தை நேராகப் பீங்கான்மேல் படியவிட்டால் ஒட்டாது, உரிந்து வந்துவிடும். நடுவில் நிக்ரோம் இருந்தால்தான் பிடிக்கும். அதற்கு மேலே தங்கம். தலைமுடியின் கனத்தை அறுபது எழுபது ஏடாகச் சீவினால் ஓர் ஏடு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு கனம். தங்கம் படிந்த தகட்டை முந்நூறு டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம் வேகவிடுவோம். அதில்தான் நிக்ரோமின் மின்தடை ஒரு நிலைக்கு வரும். அதற்கு அப்புறம் தகடு பாண்டிங் அறைக்குப் போகும். அங்கே பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைத் தகட்டின் தங்கத்தில் ஒட்டுவார்கள்.

ஓவன் என் பொறுப்பு. பக்கத்திலேயே கட்டம் போட்ட ரிஜிஸ்டர் தொங்கும். லாட் எண் (ஒன்றாக வேகிற தகடுகளின் தொகுதிக்கு லாட் என்று பெயர்), உள்ளே வைத்த நேரம், வெளியே எடுத்த நேரம், கையெழுத்து. நாலு கட்டம். வைக்கும்போதே நாலையும் நிரப்பிவிடுவேன். நான் மட்டுமில்லை, ஓவனைப் பார்த்த எல்லோருமே அப்படித்தான். ஒன்பதுக்கு வைத்தால் பன்னிரண்டுக்கு எடுக்கப்போகிறோம். இதற்காக யாராவது பேனாவைத் திறந்துகொண்டு காத்திருப்பார்களா?

தரக் கட்டுப்பாட்டுக்கு வேதமூர்த்தி சார். ஒல்லியாக, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையோடு இருப்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. எது கெட்டாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "யாரு தொட்டது?" கேட்டுவிட்டு பென்சிலைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எதிரில் நிற்பவன் வாய் திறக்கும்வரை பென்சில் அசையாது. சில பேர் அந்த மௌனத்துக்குப் பயந்தே செய்யாததை எல்லாம் செய்தேன் என்று ஒத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாக் கோளாறுக்கும் காரணம் அழுக்கு. கைரேகை, தலை எண்ணெய், எச்சில், பவுடர். கேண்டீன் சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அசிட்டோனில் துடைக்கச் சொல்வார் என்று எலக்ட்ரீஷியன் கலியபெருமாள் சொல்லுவான்.

பாண்டிங் அறையில் ரீத்தா இருந்தாள். வில்லியனூருக்குப் பக்கத்து மாதாகோயில் ஊர். சேர்ந்து இரண்டு வருஷம் முடியப்போகிற நேரம். அடுத்த மாதம் நிரந்தர ஆர்டர் வரவேண்டும். அந்த அறையிலேயே வேகமான கை அவளுடையது. வாயும் அப்படித்தான். அவள் சொன்னதை எல்லாம் எழுதி வைத்திருந்தால் இதைவிடப் பெரிய புஸ்தகம் ஆகியிருக்கும்.

இழுவைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒட்டிய கம்பி வில் மாதிரி வளைந்து நிற்கும். அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியை நுழைத்து மெதுவாக மேலே தூக்க வேண்டும். முள் கிராம் கணக்கில் நகரும். கடைசியில் கம்பி நடுவில் அறுந்தால் வேலை சுத்தம். அறுவதற்கு முன்னாலேயே கம்பியின் கால் தங்கத்திலிருந்து பெயர்ந்து வந்துவிட்டால் மோசம். "அறுந்தா சம்பளம், பேந்தா பாட்டு" என்பாள் ரீத்தா. கொக்கியைத் தூக்கும்போது அவள் மூச்சு விடமாட்டாள். பக்கத்தில் நிற்கிற நாமும் விடக்கூடாது; விட்டால் முறைப்பாள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று அரை நாள் வேலை. காலை ஒன்பதரைக்கு ஒரு லாட் ஓவனில் வைத்தேன். ரிஜிஸ்டரில் வெளியே எடுத்த நேரம் பன்னிரண்டரை என்று வழக்கம்போல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பூஜை ஒரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் சீக்கிரம் போகவேண்டும் என்று பதினொன்றரைக்கே மணி அடித்துவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, ஓவன் கதவில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் சாமந்தி மாலை. மாலை நழுவாமல் இருக்க மஞ்சள் கயிற்றால் கைப்பிடியையே சுற்றிக் கட்டியிருந்தான் கலியபெருமாள். சுவிட்சிலும் ஒரு பொட்டு.

பன்னிரண்டரைக்கு நான் கயிற்றில் கை வைத்தேன்.

"யோவ் ஏழுமல, கைய எடு! பூச போட்டாச்சு. இனிமே நாளைக்குக் காலைலதான்."

"உள்ள தகடு இருக்குதுபா."

"இருக்கட்டுமே, உன்ன சோறா கேக்குது?"

"மூணு மணி நேரந்தான் கணக்கு. சுவிட்சையாவது அணைச்சுடறேன்."

"நல்ல நாளும் அதுவுமா எரியறத அணைப்பியா? தங்கம் இன்னா பால்கோவாவா, அடிப்பிடிக்க?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொரிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் விஜயதசமி. காலை ஒன்பது மணிக்குக் கற்பூரம் காட்டி ஓவனைத் திறந்தால், தகடுகள் பளபள என்று அப்படியே இருந்தன. ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. மூன்று மணி நேரம் வேகவேண்டியது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வெந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ரிஜிஸ்டரைத் திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றியது, திருத்தவில்லை. அடித்துத் திருத்தினால் வேதமூர்த்தி சார் கூப்பிட்டுப் பென்சிலை வைத்துக்கொண்டு உட்காருவார்.

பத்து நாள் கழித்து அந்த லாட் ரீத்தாவின் மெஷினுக்குப் போனது.

முதல் தகட்டிலேயே கால் பெயர்ந்தது. பத்துக் கம்பியில் ஏழு பெயர்ந்தது. சில இடங்களில் கம்பி ஒட்டவே மாட்டேன் என்று மெஷின் ஊசியோடு திரும்பி வந்தது. அடுத்த தகட்டிலும் அப்படியே. வேதமூர்த்தி சார் வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"யாரு தொட்டது?"

"நான்தான் சார் தொட்டேன், இடுக்கியால. வெறுங்கையால இல்ல" என்றாள் ரீத்தா.

"காலைல தலைக்கு எண்ணெய் வெச்சியா?"

"இன்னா சார் இது, வெக்காத ஜென்மம் இந்த ரூம்ல யாரு?"

அசிட்டோனில் துடைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. வேறு பெண்ணை ஒட்டச் சொன்னார்கள், பெயர்ந்தது. முன்னாலேயே ரீத்தா தொட்டுவிட்டாள் அல்லவா, அந்த அழுக்கு போகவில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம். கடைசியில் ரீத்தாவே தன் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து ஒரு தகட்டின் ஓரத்தைப் பரபரவென்று தேய்த்து, ஊதிவிட்டு, கம்பியை ஒட்டினாள். கொக்கியைப் போட்டுத் தூக்கினாள். கம்பி அறுந்தது. கால் அசையவில்லை.

"பாருங்க சார், தேச்சா ஒட்டுது."

அதுவே அவளுக்கு வினையாக வந்தது. "தேச்சா போவுதுன்னா மேல அழுக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் சார். விசாரணை முடிகிறவரை வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர ஆர்டர் அவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நெட்டப்பாக்கத்து செல்வராணி அக்கா பாண்டிங் அறையில் எல்லோருக்கும் மூத்தவள்; இரண்டு வருஷமாக ரீத்தா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். அன்று ரீத்தா வந்து உட்கார்ந்ததும், பையை எடுத்துக்கொண்டு எழுந்து முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு குரல், "அழுக்குக் கை, லாட்டையே கெடுத்துடுச்சு" என்றது. தன் ஊரையும் தெருவையும் வைத்து எவ்வளவோ கேட்டு வளர்ந்தவளிடம் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். ரீத்தா வாய் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். நான் அவளுக்கு மூன்று சீட்டு முன்னால் உட்கார்ந்து வெளியே கரும்பு லாரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால் அந்த லாட் எண் எனக்குத் தெரியும்.

அஞ்சு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓவனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று முதல் நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் மெஷின் புத்தகத்தைப் புரட்டினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி. டிக்‌ஷனரியை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்தேன். அதிக நேரம் சூட்டில் இருந்தால் அடியிலுள்ள குரோமியம் தங்கத்தின் துகள்களுக்கு நடுவே புகுந்து மேற்பரப்புக்கு வரும், கம்பி ஒட்டுவதைக் கெடுக்கும் என்று இருந்தது. எத்தனையோ வருஷமாக என் அலமாரியில் இருந்த புத்தகம். புத்தகத்தை மூடினேன். மூன்றாம் நாளும் சொல்லவில்லை. சொன்னால் என் கையெழுத்து பொய் என்று ஆகும். நான் நிரந்தரம், அவள் இல்லை. எனக்கு என்ன பெரிதாகப் போயிருக்கும்? அதை இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

நான்காம் நாள் கோழைத்தனமான ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் பேசாமல் தகட்டையே பேசவைத்துவிடலாம் என்று.

"சார், கெட்டுப்போன லாட்ல ஒரு தகட்ட ரப்பர் போட்டு நல்லா தேச்சு, ஒட்டுதான்னு பாத்துட்டு, திருப்பி ஓவன்ல மூணு மணி நேரம் வெச்சுப் பாக்கலாமா? பக்கத்துலயே பழைய நல்ல லாட்ல ஒண்ணு. கதவுல நீங்களே கையெழுத்துப் போட்டுக் காகிதம் ஒட்டிடுங்க."

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். ஒத்துக்கொண்டார். மறுநாள் காலை அவர் கையாலேயே தகடுகளை வைத்தார், காகிதம் ஒட்டினார், மூன்று மணி நேரம் கழித்து அவரே கிழித்தார், தன் எதிரிலேயே கம்பி ஒட்டவைத்து இழுத்துப் பார்த்தார். நல்ல லாட் தகட்டில் கம்பி அறுந்தது. தேய்த்த தகட்டில் கால் மறுபடி பெயர்ந்தது. ஓவனில் வைப்பதற்கு முன்னால், தேய்த்ததும் கம்பி நன்றாக ஒட்டிய அதே தகடு. அவர் கையைத் தவிர வேறு கை அதில் படவில்லை.

அந்தத் தகட்டை மேசைமேல் வைத்தார். அப்புறம் பென்சிலை எடுத்துத் தாளில் கோணல்மாணலாகக் கட்டங்கள் போட்டார், தெருவில் கல் பதித்த மாதிரி.

"இதான் தங்கம். ஒவ்வொரு கட்டமும் ஒரு துகள். துகளுக்குள்ள பூந்து போறதுக்கு இந்தச் சூட்டுல குரோமியத்துக்குத் தெம்பு கெடையாது. ஆனா துகளும் துகளும் சேர்ற சந்துல அணுவெல்லாம் நெருக்கமா இருக்காது. அதுல ஏறி வந்துடும். மேல வந்து காத்துபட்டதும் ஆக்சைடு. ரப்பர் போட்டா அது போயிடும். திருப்பி சூடு பண்ணா சந்துல மிச்சம் நிக்கறது மேல வரும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?"

"காலேஜ்ல படிச்சதுதான். முத நாளே அந்தச் சந்தேகம் வந்துது. வந்து உன் ரிஜிஸ்டரத்தான் பாத்தேன். மூணு மணி நேரம்னு இருந்துது. மூணு மணி நேரத்துல இவ்வளவு வராது. அப்பறந்தான் அழுக்குன்னு போனேன்." பென்சிலைக் கீழே வைத்தார். "ஏழுமலை, இது எவ்வளவு நேரம் வெந்துது?"

இத்தனை வருஷமாக அந்த மனிதரை எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன்! அவர் சரியான இடத்துக்குத்தான் முதலில் வந்திருக்கிறார். அங்கே என் கையெழுத்து அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது, நேராக ரீத்தாவிடம். சந்தனம், கயிறு, பால்கோவா எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாதம் பேக்கிங் பிரிவு. ரீத்தாவின் ஆர்டரில் அன்றைக்கே, என் எதிரிலேயே, கையெழுத்துப் போட்டார். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். பேக்கிங் பிரிவுக்கே தேடி வந்தாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"எப்பண்ணா தெரிஞ்சுது உனக்கு?"

"சந்தேகம் முத நாளே..."

"முத நாளே." தலையை ஆட்டினாள். "அஞ்சு நாளா எங்க அம்மா கேட்டுகினே இருந்துது, இன்னாடி தப்பு பண்ண, இன்னாடி தப்பு பண்ணன்னு. எனுக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணா. சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவறேன்."

"தப்புதான்மா. சார்கிட்ட எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன்."

"சாரா என்ன அழுக்குக் கைன்னு சொன்னாரு? பஸ்ல சொன்னாங்க. பஸ்ல சொல்லு."

"பஸ்லயா?"

"ஆமா, சாயங்காலம். எல்லாரும் ஏறினப்பறம்."

போய்விட்டாள். நாலரை மணிக்கு பஸ் ஏறினேன். உட்காரவில்லை. டிரைவரிடம் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்றேன்; வீட்டுக்குப் போக வேண்டாமா என்று அவர் இன்ஜினை உறுமவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியதாகிவிட்டது.

"அந்த லாட்டு கெட்டதுக்குக் காரணம் நான்! ஓவன்ல ஒரு நாள் பூரா விட்டுட்டு மூணு மணி நேரம்னு எழுதிட்டேன்!"

"சூடு அதிகமானா தங்கம் கெடுமா?" என்றாள் செல்வராணி அக்கா. "எங்க வூட்டுப் பத்தர் உருக்கியே ஊத்துவாரு."

"தங்கம் கெடலக்கா. அடியில இருக்கறது மேல வந்துடுச்சு. இப்ப நீ நடவு முடிஞ்ச வயலத் தாண்டணும், எப்படிப் போவ?"

"வரப்பு மேல போவேன். வயல்ல எறங்கினா வுடுவானா?"

"அவ்ளோதான். தங்கம் ஒரே ஏடு மாதிரி தெரியும். உள்ள பாத்தி பாத்தியா இருக்குது, நடுவுல வரப்பு. அடியில இருக்கற குரோமியம் அந்த வரப்பு வழியா ஊர்ந்து மேல வந்து, காத்துபட்டு, ஏடு கட்டிக்கினுச்சு. அதும் மேல கம்பி ஒட்டாது."

"நீ பாத்தியா அது ஊர்ந்து வர்றத?"

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"கண்ணுக்குத் தெரியாதத வெச்சுத்தான் இவ்ளோ நேரம் வண்டிய நிறுத்தி வெச்சிருக்கியா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டியது. குரோமியத்தை விட்டுத் தொலை, பாத்தியை விட்டுத் தொலை என்று உள்ளுக்குள் ஒரு குரல். ஆனால் விளக்கிக்கொண்டிருக்கிறவரை முக்கியமானதைச் சொல்லாமல் இருக்கலாமே, அதனால் விளக்கிக்கொண்டே இருந்தேன். செல்வராணி அக்காதான் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வுடு. அவ கை சுத்தமா இல்லியா?"

"சுத்தம்."

"அத மொதல்லயே சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே! வரப்பாம், வயலாம்."

சீட்டைத் தேடிக் கம்பியைப் பிடித்தேன். டிரைவர் கியரைப் போட்டார். அதுவரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த ரீத்தா என்னைப் பார்த்தாள்.

"நில்லுண்ணா. இன்னொரு வாட்டி சொல்லு. பின் சீட்டுக்குக் கேக்கல."

பின் சீட்டைப் பார்த்து நின்று, இன்னொரு வாட்டி சொன்னேன்.